முதல் கை

ஜனவரி 2, வெள்ளி

பட பூஜை முடிந்ததும் கம்பெனியில் ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். அட்டையில் படத்தின் பெயர் தங்க எழுத்தில் மின்னுகிறது. கஜபதி தன்னுடையதை மகளுக்குக் கணக்குப் போடக் கொடுத்துவிட்டான். நான் எழுதப் போகிறேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பெயர் கையெழுத்துக்குத்தான். அதை ஏன் வீணாக்க வேண்டும்?

முதல் பக்கத்தில் பெயர், தொழில் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். டில்லிபாபு, சாலிகிராமம். தொழில் என்ற இடத்தில் கயிறு பிடிப்பது என்று எழுதினேன். அமுலு எட்டிப் பார்த்து, "தூக்குல போடறவன்னு நெனச்சிக்கப் போறாங்க" என்றாள். அமுலு என் மனைவி. அவள் வாய்க்குப் பயந்தே பாதி நாள் நான் சீக்கிரம் வேலைக்குப் போவேன்.

தெரியாதவர்களுக்காக எழுதிவைக்கிறேன். சண்டைக்காட்சியில் ஹீரோ பறக்கிறார், மாடியிலிருந்து விழுகிறார் என்று கைதட்டுகிறீர்களே, அவர் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அது மேலே கப்பியில் ஏறி, மறுபக்கம் இறங்கி, ஒரு தூணில் ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் கைக்கு வரும். வரிசையாக நாலு பேர் பிடிப்போம். தூணுக்கு அடுத்து நிற்பவன் முதல் கை. எவ்வளவு வேகமாக விடுவது, எங்கே நிறுத்துவது எல்லாம் அவன்தான். பின்னால் இருக்கும் மூன்று பேரும் எடைக்கு. நான் முதல் கை. கஜபதி எனக்கு அடுத்தவன்.

விழுகிறவர் ஹீரோ இல்லை என்பது குழந்தைக்கும் தெரியும். டூப் விழுவான். எங்கள் டூப் தேசிங்கு, அமுலுவின் கூடப்பிறந்த தம்பி. நான் பிடித்தால்தான் ஏறுவான். வேறு கம்பெனியில் கூப்பிட்டாலும் "எங்க மாமா வருவாரா?" என்றுதான் முதலில் கேட்பான்.

ஜனவரி 4, ஞாயிறு

கறி எடுத்தேன். காபி டம்ளர் கைதவறி விழுந்தது. இப்போது டம்ளரெல்லாம் வழவழ என்று செய்கிறார்கள். "இது மூணாவது" என்றாள் அமுலு. அவள் கணக்கில் எப்போதும் ஒன்று கூட இருக்கும்.

ஜனவரி 6, செவ்வாய்

பூந்தமல்லி தாண்டி மூடிக்கிடக்கும் ஒரு பிஸ்கட் ஃபேக்டரியில் ஷூட்டிங். இன்னமும் உள்ளே நெய் வாசனை இருக்கிறது. பசி எடுக்கிறது.

இந்தப் படத்தின் கதையே ஸ்டண்ட்காரர்களைப் பற்றியது. ஹீரோ குங்ஃபூ தெரிந்த ஸ்டண்ட் ஆள். பெரிய நடிகர்களுக்கு டூப் போட்டே உடம்பைப் புண்ணாக்கிக்கொண்டு, கடைசியில் நியாயம் கேட்டுச் சண்டை போடுகிறார். நல்ல கதைதான். அந்த டூப்பாக நடிக்கிற ஹீரோவுக்கு டூப் போடுவது எங்கள் தேசிங்கு. அவனைப் பற்றி யாரும் கதை எழுதவில்லை.

கதைக்குள் ஷூட்டிங் நடப்பதால் செட்டில் எல்லாம் இரண்டிரண்டு. பொய் கேமரா, பொய் லைட், பொய் டைரக்டர். பொய் டைரக்டருக்குத்தான் நல்ல நாற்காலி. கயிறு பிடிப்பவர்களாகக்கூட நாலு துணை நடிகர்கள் வந்திருக்கிறார்கள். நாலு பேருக்கும் புஜம் என்னைவிடப் பெரியது.

மதியம் ரிஹர்சலில் தேசிங்கு ஆள் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். பொய் டைரக்டர் தன் வசனத்தில் "கட்" என்றார். கயிறு என் கையிலிருந்து சரிந்துவிட்டது. தேசிங்கு பொத்தென்று கீழே போட்டிருந்த பெட்டில் விழுந்தான். அடி ஒன்றுமில்லை. "கட்டுன்னாரு, விட்டுட்டேன்" என்றேன். யூனிட்டே சிரித்தது. எபி மாஸ்டரும் சிரித்தார். அவர் எங்கள் ஸ்டண்ட் மாஸ்டர், முழுப்பெயர் எபினேசர், சிரிப்பது அபூர்வம். "இனிமே அவரு பேச்ச கேக்காத டில்லி, எம் பேச்ச கேளு" என்றார்.

பொய் டைரக்டர் கட் சொன்னது கயிறு சரிந்த பிறகு என்று கஜபதி சொல்கிறான். அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

ஜனவரி 7, புதன்

தடித்த தோலில் கையுறை வாங்கினேன். முதல் கை கையுறை போடுவது வழக்கமில்லை. கயிறு ஓடுவது உள்ளங்கைக்குத் தெரிய வேண்டும் என்பார்கள். பனிக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 10, சனி

கஜபதிக்கு முட்டிவலி. துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனான். காலையில் போய் மதியம் வரை வரிசை. வந்ததுதான் வந்தோம் என்று நானும் ஒரு சீட்டு வாங்கி வலது கையைக் காட்டினேன். ஒருக்களித்துப் படுத்தால் கை மரத்துப்போகிறதே, அதற்கு.

டாக்டர் சின்னப் பெண். என்னைக் கண்ணை மூடச் சொல்லி விரல்களில் ஊசியால் குத்திக் குத்தி, "தெரியுதா, தெரியுதா?" என்று கேட்டார். முழுக்க மூடாமல் இமைக்கு அடியில் பார்த்துக்கொண்டேன். அவர் கை கிட்டே வரும்போதெல்லாம் தெரியுது என்றேன். பெரும்பாலும் சரியாகச் சொல்லியிருப்பேன். ஆனாலும் அவர் திருப்தி இல்லாத முகத்தோடு, "கழுத்துல நரம்பு அழுந்துற மாதிரி இருக்கு. ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் வெயிட் தூக்காதீங்க. என்ன வேலை பாக்கறீங்க?" என்றார்.

சினிமா என்றேன். நடிப்பா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கஜபதிக்குத் தைலம் கொடுத்தார்கள். இந்தக் கூட்டத்தில் யார் ஸ்கேனுக்கு நிற்பது.

ஜனவரி 14, புதன், போகி

தேசிங்கு காலையிலேயே வந்து, பழைய பாயை நான் கொளுத்துவதைப் பார்த்து, "அந்த அண்டர்வேரையும் போடு மாமா" என்றான். அமுலு வடை சுட்டாள். அவள் சுடச்சுட அவன் சாப்பிட்டான். கல்யாணமாகாதவன், கேட்க ஆளில்லை.

பேச்சு இந்த மாதக் கடைசியில் வரும் பெரிய ஷாட்டைப் பற்றிப் போனது. ஃபேக்டரியில் மூன்றாவது மாடி வரை சாமான் ஏற்றுகிற லிஃப்ட் ஒன்று முன்பு இருந்தது. இப்போது வெறும் குழி. தேசிங்கு மேலேயிருந்து அதற்குள் குப்புற விழ வேண்டும். கேமரா கீழே தரையில் மல்லாந்து மேலே பார்த்துக்கொண்டிருக்கும். தரைக்கு ஒரு சாண் உயரத்தில் அவன் முகம் வந்து நிற்க வேண்டும். ஒரே ஷாட், வெட்டே கிடையாது. மெஷினில் இறக்கினால் ஒரே சீராக, மூட்டை இறங்குவதுபோல இருக்கிறது, கையால் விட்டால்தான் விழுவதுபோல இருக்கும் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் சரிதான்.

அமுலு அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். "கீழ பெட்டு போடுவாங்க இல்ல?"

"கேமரால தெரியும்க்கா. வெறும் தரைதான்" என்றான் தேசிங்கு.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீதான புடிக்கிற?"

"நான்தான்."

சரி என்று அடுத்த வடையைத் தட்டிப் போட்டாள்.

ஜனவரி 19, திங்கள்

புதுச் சட்டையில் காஜா சின்னதாகத் தைத்துவிட்டான். பொத்தான் நுழையவே இல்லை. அமுலு போட்டுவிட்டாள். வண்டியில் கூட்டிப்போக வந்த தேசிங்கு வாசலில் நின்று பார்த்துவிட்டு, "புது மாப்ள, நேரமாச்சு" என்றான்.

பேனாவையும் மாற்ற வேண்டும். எழுத்து வரிக்கு வெளியே ஓடுகிறது.

ஜனவரி 20, செவ்வாய்

லிஃப்ட் குழியில் மணல் மூட்டை வைத்து ஒத்திகை. மூட்டை தேசிங்கு எடைதான். கேமராக்காரர் நிறம் பார்க்க வேண்டும் என்று அதற்கு ஹீரோ சட்டையை மாட்டிவிட்டார்கள். தேசிங்கு அதன் தோளில் கைபோட்டு போட்டோ எடுத்துக்கொண்டான்.

குழிக்குப் பின்சுவரை ஒட்டி எங்கள் இடம். அங்கிருந்து குழி தெரியாது. மாஸ்டர் கைதான் தெரியும். அவர் கையை இறக்கினதும் விட வேண்டும், கயிறு ஓடும் ஓட்டத்திலேயே உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும் எங்கே இறுக்குவது என்று. மாஸ்டர் கையை இறக்கினார். விட்டேன். இறுக்கினேன். நான் இறுக்கினதாகத்தான் நினைத்தேன். பின்னாலிருந்து கஜபதி "மாமே" என்று கத்தினான், அதற்குள் சத்தம் கேட்டுவிட்டது.

மூட்டை வெடித்துச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே மணல் கொட்டிக்கிடந்தது. தேசிங்கு குழிக்குள் இறங்கி, காலால் மணலைத் தள்ளிப் பார்த்து, "நம்மாளு பூட்டான் மாமா" என்றான். சிரிக்க வைக்கத்தான் சொன்னான். வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

வாந்தி எடுத்ததைப் பார்த்துத்தான் மாஸ்டருக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தனியாக அழைத்துப் போனார்.

"டில்லி, மூஞ்சப் பாத்து சொல்லு. குடிச்சியா?"

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பீர் குடித்திருக்கிறேன். அதுவும் பிடிக்கவில்லை. இல்லை மாஸ்டர் என்று வாய் வரை வந்தது. இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும். அப்புறம் கையை நீட்டச் சொல்வார்.

"ஆமா மாஸ்டர். நேத்து நைட்டு. கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு."

அவர் முகத்தில் கோபத்தோடு ஒரு நிம்மதியும் தெரிந்தது. குடி எல்லோருக்கும் தெரிந்த வியாதி. எங்கள் குரூப்பில் அதற்கு ஒரு முறை உண்டு. குடித்துவிட்டுக் கயிற்றைத் தொட்டவன் மூன்று நாள் தொடக் கூடாது. அப்புறம் கயிற்றுக்குத் தேங்காய் உடைத்து, எல்லோர் முன்னாலும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, இனிமேல் குடியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் பழைய இடம் பழையபடி கிடைக்கும். கஜபதியே இரண்டு தடவை அடித்திருக்கிறான்.

குடி என்றால் மூன்று நாள். கை என்றால் அவ்வளவுதான், ஆயுசுக்கும் வீட்டில் உட்கார வேண்டியது. நாலு நாள் ஓய்வு கொடுத்தால் எதுவும் சரியாகும். நான் சொன்னதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஜனவரி 21, புதன்

தேசிங்கு நம்பவில்லை. காலையில் போன் போட்டு, "நீயா மாமா? சத்தியமா நீயா?" என்றான்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். என்ன கேட்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. முன்னால் நின்றவர் கேட்டதையே கேட்டேன். ஒரு மடக்கு வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினேன், கொஞ்சம் காலரில் தெளித்துக்கொண்டேன், மீதியைச் சாக்கடையில் கொட்டினேன். பக்கத்தில் நின்ற ஆள் நான் கொட்டுவதைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டார்.

தேசிங்கு வீட்டுக்கு வந்து வாடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். குடிகாரன் என்ற பெயர் எனக்கு இவ்வளவு சுலபமாகப் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை.

ஜனவரி 22, வியாழன்

அமுலு பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு நகர்த்துகிறாள். அவ்வளவு வாய் உள்ளவள் வாயை மூடினால் வீடு வீடாகவே இல்லை.

அவள் அப்பா குடித்தே செத்தவர். தெருவில் கிடந்தவரை அவளும் தேசிங்கும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வருவார்களாம். நான் பெண்பார்க்கப் போனபோது அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான். இல்லை என்று சொன்னேன். அதற்காகத்தான் கட்டிக்கொண்டாள், என் அழகுக்கு இல்லை.

சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அடுக்களை வரை போனேன். அவளிடம் சொன்னால் அது தேசிங்குக்குப் போகும், அவனிடமிருந்து மாஸ்டருக்கு. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஜனவரி 24, சனி

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக் கம்பியில் கயிறு போட்டு, பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி விட்டுவிட்டுப் பிடித்துப் பார்த்தேன். கயிற்றில் ஓரிடத்தில் சிவப்புத் துணி கட்டிவைத்தேன். துணி கம்பியைத் தொடும்போது இறுக்க வேண்டும். கை என்ன சொல்கிறது என்று பார்ப்பதைவிடக் கண்ணால் பார்ப்பது இன்னும் துல்லியம். ஏன் இத்தனை நாள் இது தோன்றவில்லை?

பெரும்பாலும் சரியாக நின்றது. ஒரு தடவை மட்டும் பக்கெட் உடைந்தது. பழைய பக்கெட்.

மாடிக்குத் துணி உலர்த்த வந்த அமுலு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கிப்போனாள்.

ஜனவரி 25, ஞாயிறு

தேசிங்கு வந்தான். வாசலிலேயே நின்று பேசினான், உள்ளே வரவில்லை.

"மாஸ்டரு கஜபதியண்ணன முதல் கையா போடலாமான்னு கேட்டாரு. வேணான்னுட்டேன். நீ சத்தியம் பண்ணு, நீயே புடி."

"கஜபதி நல்லா புடிப்பான்டா."

"புடிப்பாரு. நான் ஏறமாட்டேன்." கீழே பார்த்துக்கொண்டே சொன்னான். "எங்கப்பன் குடிச்சான், அவன நம்பல. நீ குடிச்சாலும் நம்புறேன் மாமா. அவ்ளோதான்."

உள்ளே அமுலு கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தம்பியைத் தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். தடுக்கட்டும் என்றுகூட நினைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.



ஜனவரி 27, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். வலது உள்ளங்கையில் கட்டு. எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கிறது, வாத்தியார் பார்த்தால் அழுவார். அமுலு எதிரில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குகிறாள். ரேஷன் அரிசியும் இல்லை, அதில் கல்லும் இல்லை. என் பக்கத்தில் இருப்பதற்கு ஒரு வேலை வைத்துக்கொண்டிருக்கிறாள். மெதுவாக எழுதுகிறேன்.

காலையில் ஷாட்டுக்கு முன்னால் சத்தியம். கயிற்றைச் சுருட்டி மணைமேல் வைத்து, பூ போட்டு, எபி மாஸ்டரே தேங்காய் உடைத்தார். அவர் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர்தான், ஆனால் கயிறு விஷயத்தில் எல்லாம் பார்ப்பார். தட்டில் கற்பூரம் எரிந்தது. வழக்கமாக இதில் ஒரு தந்திரம் உண்டு. படாரென்று அடித்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும், நெருப்புக்கே தெரியக் கூடாது. கஜபதி இரண்டு தடவையும் அப்படித்தான் செய்தான், அப்படியும் ஊதிக்கொண்டான்.

நான் கையை வைத்தேன். அணைந்ததா இல்லையா என்று கைக்குத் தெரியவில்லை. கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துவிட்டேன்போல, விரல்களுக்கு நடுவே ஜுவாலை மேலே வருவதைக் கண்ணால் பார்த்தேன். மணிக்கட்டில் சூடு தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. வேறு யாரோ ஒருவன் கையை வைத்து எரிப்பதைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருந்தேன். டம்ளர், பொத்தான், பேனா, பக்கெட் எல்லாவற்றையும் திட்டினேனே, அதெல்லாம் அப்போதுதான் எனக்கே உறைத்தது. தெரியாமல் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ள மாட்டேன் என்று இருந்தேன்.

"போதும்டா, எட்றா கைய" என்று மாஸ்டர் பிடித்து இழுத்தார். தோல் வழன்று போயிருந்தது.

"எனக்குச் சுடல" என்றேன்.

கஜபதி கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சாமி மன்னிச்சிடுச்சு மாமே. சத்தியம் சுத்தமா இருந்தா சுடாது."

மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். என்ன வைராக்கியம் பார் என்று ஒருவன் சொன்னான். தேசிங்கு முகமெல்லாம் சிரிப்பு. இடுப்பில் கயிறு மாட்டும் ஹார்னஸை மாட்டிக்கொண்டு நேராக ஏணிக்குப் போகத் திரும்பினான்.

"இல்லடா. கைல உணர்ச்சியே இல்ல. நான் குடிக்கவும் இல்ல. பொய் சொன்னேன்."

"மாமா, அதான் முடிஞ்சிபோச்சே" என்றான். நான் வெட்கப்பட்டுக்கொண்டு பின்வாங்குகிறேன் என்று நினைத்துவிட்டான். மாஸ்டரும், "டில்லி, இப்ப வந்து பயப்படாத, எல்லாம் சரியாப்போவும்" என்று தோளில் தட்டினார். கட் சொன்னார் என்றேன், நம்பினார்கள். குடித்தேன் என்றேன், நம்பினார்கள். உண்மையைச் சொன்னபோது ஒருவனும் நம்பவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அதற்கும் கஜபதி "சாமி வந்திருக்கு" என்றான்.

தோளிலிருந்த துண்டை எடுத்து நானே கண்ணைக் கட்டிக்கொண்டேன், இந்தத் தடவை ஒழுங்காக. கையை நீட்டினேன்.

"தேசிங்கு, நீ வா. என் வெரல தொடு. எந்த வெரல்னு சொல்றேன். சரியா சொன்னா நானே புடிக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் சத்தம் இல்லை. நான் காத்திருந்தேன்.

"தொட்றா" என்றேன்.

பதில் இல்லை.

"இன்னாடா பண்ற, நேரமாவுது. தொடு."

அவன் மூக்கை உறிஞ்சுவது மிகக் கிட்டத்தில் கேட்டது. துண்டை அவிழ்த்தேன். தேசிங்கு என் நாலு விரலையும் தன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, நகத்தால் அழுத்திக்கொண்டு நின்றான். அவன் நகம் பதிந்த இடத்தில் இரத்தம் கட்டியிருந்தது. எப்போது பிடித்தான் என்று எனக்குத் தெரியாது.

"இந்தக் கையிலயா என்ன தொங்க வுட்டிருப்ப?" என்றான்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். போனை எடுத்து அக்காவுக்குப் போட்டு, நடந்ததைச் சொல்லி, என் காதில் வைத்தான்.

"குடிக்கலியா நீ?" அமுலு கேட்டாள். அத்தனை நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"இல்ல."

"நீ குடிக்கிறன்னு நெனச்சப்பகூட அவன போவாதடான்னு நான் சொல்லல. ஏன் தெரியுமா? நீ புடிக்கிறன்னு." பிறகு கேட்டாள். "இப்ப யாரு?"

"கஜபதி."

"நீ இன்னா பண்ணப் போற?"

"ஒண்ணுமில்ல. ஓரமா ஒக்காந்துகினு இருப்பேன்."

"ஓரமா ஒக்காராத. கண்ண எடுக்காம அவன பாத்துகினு இரு. பாக்கறேன்னு சொல்லு."

"பாக்கறேன்."

ஏறமாட்டேன் என்றவன்தான். மாஸ்டர் அவனை வற்புறுத்தவில்லை, ஷாட்டை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னார். தேசிங்கு கொஞ்ச நேரம் கயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கஜபதி வந்து அவன் எதிரில் நின்று, "தம்பி, நான் புடிக்கவா?" என்று கேட்டான். தேசிங்கு தலையாட்டினான்.

மூட்டையை வைத்து நிறைய தடவை பார்த்தார்கள். கஜபதி என் இடத்தில் நின்று, வெறும் கையால் விட்டான். முதல் தடவையே ஒரு சாண் உயரத்தில் நின்றது. நிற்காமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு நொடி நினைத்தேன். எழுதவே கூசுகிறது, ஆனால் நினைத்தேன்.

எனக்குக் குழிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கையை ஒரு தொட்டித் தண்ணீரில் வைக்கச் சொன்னார்கள். பொய் டைரக்டரின் நாற்காலி. இத்தனை வருஷத்தில் தேசிங்கு விழுவதை நான் பார்த்ததே இல்லை. முதல் கை நிற்பது சுவருக்குப் பின்னால், அவன் பார்ப்பது மாஸ்டர் கையை. படம் வந்த பிறகு தியேட்டரில் பார்ப்பேன், அதில் ஹீரோ முகம் இருக்கும். மூன்றாவது மாடி விளிம்பில் தேசிங்கைப் பார்த்தபோது யாரோ சின்னப் பையனை ஏற்றிவிட்டார்கள் என்று தோன்றியது. அவ்வளவு உயரம் அது. எனக்குத் தெரியாது. என் பக்கத்துக்கு அது கயிற்றின் நீளம் மட்டும்தான்.

மாஸ்டர் கையை இறக்கினார்.

விழும்போது அவன் கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறான். வாயும் திறந்திருந்தது. தரை அவன் முகத்துக்கு வருவதை முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்தான். என் கை தொட்டித் தண்ணீருக்குள் தானாக மூடியது, பிடித்ததா என்று கைக்குத் தெரியவில்லை, தண்ணீர் அலம்பியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்படி ஒரு பயத்தை நான் பட்டதே இல்லை. அவன் ஒரு சாண் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தான். கைதட்டினார்கள். தேசிங்கு என் பக்கம் திரும்பவில்லை. அவிழ்த்துவிட்டதும் நேராகச் சுவருக்குப் பின்னால் போய்க் கஜபதியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

டைரக்டர் மானிட்டரைப் பார்த்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது, ஆனாலும் இன்னொன்று போகலாம் என்றார். தேசிங்கு மறுபடியும் ஏணியில் ஏறினான். எனக்கு எழுந்து வெளியே ஓடிவிட வேண்டும்போல இருந்தது. அமுலுவிடம் சொல்லியிருந்தேனே, அதனால் உட்கார்ந்து பார்த்தேன்.